வரவு செலவுக் கணக்கில் ஒரு புரட்டு

சர்க்கார் வரவு செலவுக் கணக்கு என்றால் அது ஏதோ பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே விளங்கக்கூடிய வேதம் போலவும், பாமர மக்கள் அதைத் தொட்டுப் பார்க்கவே கூடாது என்பது போலவும் நாட்டில் ஒரு எண்ணம் இருந்து வருகின்றது. வேதத்தைப் பலர் படிக்கக்கூடாது என்று வைத்திருந்ததில் யாருக்கோ லாபம் இருந்தது போலவே, கணக்கைப் பலர் பார்க்காதிருப்பதிலும் யாருக்கோ லாபம் இருக்கின்றது என்பதை மாத்திரம் முதலில் சொல்லிவிட்டு விஷயத்திற்குப் போகின்றோம்.

மாநில சர்க்கார் ஒவ்வொரு வருஷமும் இலாகா வாரியாக மானியக் கோரிக்கை வைத்துச் சட்டசபையின் அனுமதி பெறுகின்றது. ஒரு கோரிக்கைக்கு அனுமதித்த பணத்தை மற்றொரு கோரிக்கைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மறுபடியும் சட்டசபைக்கு வந்தாக வேண்டும். ஆனால் ஒரே கோரிக்கைக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு மாற்றுவதற்குச் சட்டசபை வேண்டியதில்லை. அதிகாரிகள் உத்தரவே போதும். இதற்கு மறு ஒதுக்கீடு என்று பெயர். எந்தத் திட்டத்தில் பணம் தேங்கிக் கிடக்கின்றது, எதில் போதவில்லை என்று வருஷ நடுவில் ஆராய்ந்து மாற்றுவதே குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெள்ளம் வந்தால் கட்டிடத்திற்கு வைத்த பணத்தைக் கஞ்சிக்கு எடுக்கத்தான் வேண்டும். ஆனால், அடிக்கடி எடுக்கப்படுவது யாருடைய பானையிலிருந்து என்பதுதான் நமது கேள்வி.

மலைவாழ் மக்களுக்கென்று தனித் துணைத் திட்டம் 1974-75இலும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று தனிக்கூறுத் திட்டம் 1979-80இலும் ஏற்படுத்தப்பட்டன. ஜனத்தொகையில் இவர்கள் எத்தனை பங்கோ, திட்டப் பணத்தில் அத்தனை பங்கு இவர்களுக்கே செலவாக வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். இது தர்மமுமல்ல, பிச்சையுமல்ல. வரி கொடுப்பவர்களுக்குரிய பங்கு. இந்தப் பங்குக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 2010இல் டெல்லியில் காமன்வெல்த் பந்தய விளையாட்டு நடந்ததே, அதன் சம்பந்தமான வேலைகளுக்குத் தாழ்த்தப்பட்டோர் கூறிலிருந்து பல நூறு கோடி ரூபாய் திருப்பப்பட்டது. அப்போதைய உள்துறை மந்திரி சிதம்பரமே அது தவறென்று ராஜ்யசபையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஓடிப் பரிசு வாங்கியவர்கள் ஒருபுறமிருக்க, ஓடாமலே பணம் கொடுத்தவர்கள் சேரிக்காரர்கள்!

நிற்க, டெல்லியில் நடந்தது பச்சையான எடுப்பு. அதைவிட நுட்பமான வழி ஒன்று கர்நாடகத்தில் கையாளப்பட்டது. அங்கு 2013இல், மக்கள் தொகைப்படி தாழ்த்தப்பட்டோருக்கும் மலைவாழ் மக்களுக்குமாகச் சேர்ந்து நூற்றுக்கு 24 பங்குக்குச் சிறிது மேலாக ஒதுக்கியே தீரவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள்ளேயே 7ஆம் பிரிவில், ரோடு, பாலம் முதலிய பொது வேலைகளில் ஒரு பாகத்தையும் இவர்களுக்காகச் செலவானதாகவே பாவித்துக் கொள்ளலாம் என்று ஒரு பொந்தும் வைத்தார்கள். பலத்த கூச்சலுக்குப் பிறகு 2023இல் அந்த உட்பிரிவு நீக்கப்பட்டது. பொந்து அடைபட்டது என்று நினைத்தால், அதே வருஷத்தில் பெண்களுக்கு இலவச பஸ், குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் முதலிய உத்தரவாதத் திட்டங்கள் வந்தன. அவற்றின் செலவில் 2023-24இல் 11,000 கோடி ரூபாய்க்கு மேலும், 2024-25இல் 14,000 கோடிக்கு மேலும் இந்த மக்களின் பங்குக் கணக்கில் எழுதப்பட்டது. இரண்டாவது வருஷத்தில் பங்கின் மொத்தத் தொகையே 39,000 கோடி சொச்சந்தான்.

இதில் பணம் நகர்ந்ததாகவே கணக்கில் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைப்பு இருக்கின்றது, தொகையும் குறையவில்லை, ஒதுக்கிய வீதம் சரியாயிருக்கின்றது. உள்ளே இருக்கும் செலவு மாத்திரம் வேறாகி விட்டது.

சர்க்கார் தரப்பில், "அந்தப் பணம் தாழ்த்தப்பட்ட பெண்களுக்கும் மலைவாழ் பெண்களுக்கும்தானே போகின்றது, சட்டமும் இடங்கொடுக்கின்றதே" என்று பதில் சொல்லப்படுகின்றது. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இலவச பஸ்ஸில் எல்லா ஜாதிப் பெண்களும் ஏறுகிறார்கள். மேல் ஜாதிப் பெண்ணின் டிக்கட்டுக்குப் பொதுப் பணம் கட்டுகின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாழ்த்தப்பட்ட பெண்ணின் டிக்கட்டுக்கோ அவள் பிள்ளையின் விடுதிக்கும் படிப்புக்கும் உதவியிருக்க வேண்டிய பணம் கட்டுகின்றது. சமபந்தி போஜனம் என்று ஊரையெல்லாம் அழைத்துவிட்டு, மற்றவர்கள் இலைக்குக் கல்யாண வீட்டு அரிசியையும், இவர்கள் இலைக்கு மாத்திரம் இவர்கள் வீட்டிலிருந்தே எடுத்து வந்த அரிசியையும் பரிமாறிவிட்டு, "உங்களுக்கும்தானே சோறு போட்டோம்" என்று சொன்னால் அதற்குச் சமபந்தி என்று பெயரா?

நாம் இலவச பஸ்ஸுக்கோ மாதப் பணத்திற்கோ விரோதிகள் அல்லோம். ஏழைக்கு எது கொடுத்தாலும் "இலவசம், இலவசம்" என்று அடித்துக்கொள்ளும் பத்திரிகைகளோடு நமக்குச் சம்பந்தமும் இல்லை. கொடுக்கட்டும், எல்லோருக்கும் கொடுப்பதை எல்லோருடைய பணத்திலிருந்தே கொடுக்கட்டும் என்றுதான் சொல்லுகின்றோம்.

இன்னொரு சமாதானமும் உண்டு. செலவாகாமல் மார்ச்சு மாதக் கடைசியில் காலாவதியாகப் போகிற பணத்தை வேறொன்றிற்கு உபயோகித்தால் என்ன என்பார்கள். செலவு செய்யத் திட்டம் போடாமலும், போட்ட திட்டத்திற்கு உத்தரவைக் காலத்தில் அனுப்பாமலும் பதினோரு மாதம் உட்கார்ந்திருந்தவர் யார்? சேரியில் விடுதி வேண்டாம், நிலம் வேண்டாம், கிணறு வேண்டாம் என்று எவராவது எழுதிக் கொடுத்தார்களா?

தமிழ்நாட்டிலும் 2024இல் இதே மாதிரியான சட்டம் ஒன்று செய்யப்பட்டது. 2011 ஜனக்கணக்குப்படி இங்கு தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு 20 பேர், மலைவாழ் மக்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சிறிது மேல். இங்கும் பெண்களுக்கு இலவச பஸ் 2021இலும், மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை 2023இலும் ஆரம்பிக்கப்பட்டன. ஆகையால் வாசகர்கள் ஒரு காரியம் செய்யலாம். வரவு செலவுப் புத்தகத்தில் 789 என்ற எண்ணிட்ட சிறு தலைப்பு தாழ்த்தப்பட்டோர் பங்கு. 796 என்பது மலைவாழ் மக்கள் பங்கு. எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர் அந்த இரண்டு எண்களை மாத்திரம் தேடி, முதலில் மதிப்பிட்டது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு, அடுத்தடுத்த வருஷப் புத்தகத்தில் வரும் உண்மைச் செலவு எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொள்ளட்டும். பிறகு சட்டசபை அங்கத்தினர் ஊருக்கு வரும்போது, 789இல் எங்கள் தெருவுக்கென்றே வந்தது என்ன, ஊருக்கெல்லாம் கொடுத்ததை எங்கள் பேரில் எழுதியது எவ்வளவு என்று நாலு பேர் முன்னிலையில் கேட்கட்டும்.