வேளாண் கல்விக்கூடச் சுவரில் யாருடைய உழைப்பு?

ஒரு பல்கலைக்கழகம் தன் வேளாண் கட்டடத்திற்கு ஓவியமோ சிற்பமோ செய்யப் பணிக்கும்போது, அதை அலங்காரச் செலவு என்றே பலரும் கருதுகின்றனர். நிலத்தின் வரலாற்றை யார் சொல்வது, யாரை அதிலிருந்து விலக்குவது என்கிற முடிவும் அந்தப் பணி ஆணைக்குள் அடங்கியிருக்கிறது.

மெக்சிகோவின் சாப்பிங்கோவில் இயங்கிய தேசிய வேளாண் பள்ளி ஒரு பழைய பெரும்பண்ணையின் மாளிகையில் அமைந்தது. அங்கே 1924 முதல் 1927 வரை டியேகோ ரிவேரா சுவரோவியங்கள் தீட்டினார். அப்பணிக்கு ஆதரவாக நின்ற பள்ளி இயக்குநர் மார்த்தே கோமேஸ், புரட்சிக் காலத்தில் நிலப் பங்கீட்டுப் பணியில் ஈடுபட்ட வேளாண் அறிஞர். பண்ணையாரின் வழிபாட்டுக்கூடமாக இருந்த அறையில், 1919இல் சுட்டுக் கொல்லப்பட்ட உழவர் தலைவர் எமிலியானோ சப்பாத்தா மண்ணுக்கடியில் கிடக்கிறார். அவருக்கு மேலே மக்காச்சோளம் விளைந்து நிற்கிறது. அதிகாரி ஆகப்போகும் மாணவன் தான் படிக்கும் பயிருக்கு அடியில் யாருடைய உயிர் புதைந்துள்ளது என்பதை அன்றாடம் பார்க்க நேர்ந்தது. ஆயினும் அதே அறையில் பெண்ணின் நிர்வாண உடல் விளைநிலத்தின் குறியீடாகவே நிற்கிறது. வயலில் கூலிக்கு உழைத்த பெண்ணுக்கு அந்தப் பெருமிதத்தால் கிடைத்தது என்ன என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் வேறொரு பாடம் தருகிறது. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம், பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களை வேளாண் கல்விக்கு மூலதனமாக்கியது; அச்சட்டத்தின் பயனைப் பெற்ற கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. 1930களில் கிராண்ட் வுட் வடிவமைப்பில் அதன் நூலகத்தில் எழுந்த சுவரோவியம், குடியேறிகள் புல்வெளியை முதன்முதலாக உழுவதைக் காட்டுகிறது. உழவு அங்கிருந்தே தொடங்கியது போன்ற தோற்றம் அதில் உண்டு. பின்னர் அம்மாநிலம், அரசுக் கட்டடச் செலவில் அரை விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றியது. நிதிக்குச் சட்டம் வழி செய்யலாம். யாருடைய கதை சுவரேறும் என்பதைத் தேர்வுக்குழுவில் அமர்பவர்களே தீர்மானிக்கின்றனர்.

இந்தியச் சூழலுக்கு வருவோம். அரசு விளம்பரங்களிலும் நாட்காட்டிகளிலும் காணும் ‘உழவர்’ பெரும்பாலும் தலைப்பாகையும் ஏர்மாடும் உடைய நில உடைமையாளர். நடவு நடும் பெண்கள் பின்புலத்தில் ஓர் அழகுக் காட்சி. கூலி உயர்வு கேட்ட காலத்தில், 1968இல் கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் உழவு அந்தப் படத்தில் எங்கே? பஞ்சமி நிலம் என்ற சொல்லைக் கேளாமலே வேளாண் பட்டம் பெற இயலுமெனில், அக்கல்வியில் விடுபட்டது என்ன? அம்பேத்கர் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும் மாநிலத்தில், பொதுவெளியில் எந்த உருவம் அச்சமின்றி நிற்கலாம் என்பதும் சாதியால் தீர்மானிக்கப்படுகிறது.

ஆகவே, தலித் தலைவர் ஒருவரின் உருவத்தையும் சேர்த்துவிட்டால் போதும் என்று நாம் அமைதியடையக் கூடாது. தேர்வுக்குழுவில் தலித், பழங்குடிக் கலைஞர்களும் வேளாண் தொழிலாளர் சங்கப் பேராளர்களும், குறிப்பாகப் பெண்களும், வாக்குரிமையுடன் இடம்பெற வேண்டும். கட்டடம் நிற்கும் நிலம் எவ்வாறு பெறப்பட்டது என்ற வரலாறு பணி ஆணையிலேயே இணைக்கப்பட வேண்டும். பறை செய்பவர், பாய் முடைபவர், மண்சிலை வனைபவர் ஆகியோரையும் கலைஞர்களாக ஏற்று, ஓவியருக்குரிய ஊதியமே வழங்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். தங்கள் வளாகக் கட்டடங்களில் கலைக்குச் செலவான தொகை எவ்வளவு, தேர்வுக்குழுவில் இருந்தோர் யாவர், ஒப்பந்தம் எவ்வாறு வழங்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி கேட்கலாம். கிடைக்கும் விடைகளைத் துறைவாரியாகத் தொகுத்து வெளியிட்டால், அடுத்த கட்டடத்திற்கான பணி ஆணை எழுதப்படுவதற்கு முன்பே நம் கோரிக்கையை முன்வைக்க முடியும்.