வீட்டுக்குக் கார் வாங்கும்போது தலைகளை எண்ணுங்கள்



ஒரு மூட்டை துவரம்பருப்பு கொள்முதல் செய்வதென்றால் கையில் அள்ளிப் பார்க்கிறோம், கடித்துப் பார்க்கிறோம், எடை போடுகிறோம், நாலு இடத்தில் விலை கேட்கிறோம். அதே நாம் லட்சக்கணக்கில் பணம் போட்டு வீட்டுக்குக் கார் வாங்கும்போது, பக்கத்துக் கடைக்காரர் என்ன வாங்கினார் என்று மட்டும் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஐந்து பேர் உட்காரும் கார் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. வீட்டில் இருப்பதோ தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று குழந்தைகள் என ஏழு பேர். ஆகவே முதல் பயணத்திலேயே குழந்தைகள் மடிக்குப் போகிறார்கள்.

இன்னும் சிலர் கார் எதற்கு என்று, ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்கும் காதுகுத்துக்கும் கடையின் குட்டியானையில் ஜமுக்காளம் விரித்து மொத்தக் குடும்பத்தையும் ஏற்றுகிறார்கள். சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் செல்லலாம். மற்றவர்கள் ஏறிச் சென்று விபத்து நேர்ந்தால், கட்டாயக் காப்பீட்டின்படி இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பாரம் வண்டி உரிமையாளர் தலையில், அதாவது நம் கடையின் தலையில் விழும். போன உயிருக்கு ஈடு எதுவும் இல்லை என்பது வேறு.

கார் வாங்குவதில் முதல் கணக்கு தலைக்கு ஓர் இருக்கை, இருக்கைக்கு ஒரு பெல்ட் என்பதே என் கருத்து. விலையும் நிறமும் அதற்குப் பிறகுதான்.

"அந்தக் காலத்தில் ஒரே அம்பாசிடரில் பத்துப் பேர் போனோம், என்ன ஆகிவிட்டது?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அன்றைய சாலை வேறு, வேகம் வேறு. மூட்டை தூக்கிப் பழகிய நமக்கு எடைக் கணக்கில் சொன்னால் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட் அல்லது குழந்தை இருக்கை இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

இனி விலை விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் உள்ள கார்களுக்கு வரி 18 சதவீதம். அளவு மீறியவற்றுக்கு 40 சதவீதம். ஏழு பேர் உட்காரும் ரெனால்ட் டிரைபர் சிறிய வரிக்குள் வருகிறது. நீளமான மாருதி எர்டிகா பெரிய வரியில் போகிறது. ஆனால் டிரைபரின் எஞ்சின் ஒரு லிட்டர்தான்; ஏழு பேருடன் மலைப்பாதை ஏறும்போது நிதானம் தேவை. ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் ஓரிரு பைகளுக்குத்தான் இடம் இருக்கும்.

கடை பெயரில் வாங்கினால் இன்புட் வரவு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்கு, நம்மைப் போன்ற மளிகை வியாபாரிகளுக்கு அந்த வரவு கிடையாது.

பழைய வண்டி வாங்குவது தவறல்ல. நம் முதலுக்கு அதுவே பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் 2022க்கு முன் செய்த வண்டி என்றால் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய ஈகோ, 2016 இல் குளோபல் என்.கேப் நடத்திய மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. டிரைபர் 2021 இல் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கும் குழந்தைகள் பாதுகாப்பில் மூன்றும் வாங்கியது. பெயர் மாற்றியதும் 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

கடனில் வாங்குவோர் வட்டி எந்த முறையில் என்று கேட்க வேண்டும். 6 லட்சம் ரூபாயை 10 சதவீதத்தில், ஐந்து வருடத் தவணையில், குறையும் நிலுவைக்கு வட்டி என்ற முறையில் வாங்கினால் மொத்த வட்டி ஏறக்குறைய 1 லட்சத்து 65 ஆயிரம். அதே 10 சதவீதம் பிளாட் வட்டி என்றால் 3 லட்சம். சொல்லும் சதவீதம் ஒன்று, கொடுக்கும் பணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரே வண்டி தேடி முதலை முடக்க வேண்டாம். தினசரித் தேவைக்கு ஏற்ற கார் ஒன்றை வைத்துக்கொண்டு, வருடத்தில் நாலு நாள் எல்லோரும் சேர்ந்து போவதற்கு மஞ்சள் போர்டு வேன் வாடகைக்கு எடுப்பதே லாபம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அரைநாள் கடையை மூடினாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு ஷோரூமுக்குப் போங்கள். பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். குழந்தை இருக்கையை நடு வரிசையில், பின்வரிசைக்கு ஏறும் வழியை மறைக்காத பக்கமாகக் கட்டிப் பாருங்கள். பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏழு பெல்ட்டையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பாருங்கள். ஏழும் மாட்டிய பிறகு விலை பேசத் தொடங்குங்கள். அதில் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.