பாம்பன் தீவும் விடுமுறைப் பயணிகளும்

கோடை நெருங்கியதும் ஊரை விட்டுச் சில நாட்களாவது வெளியே போய் வரவேண்டும் என்ற எண்ணம் சென்னைவாசிகளுக்கு எழுவது இயற்கை. கே.கே. நகரில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் அலுவலகம், பள்ளிக்கூடம், வீட்டுக்கடன் தவணை என்று பொழுது கழிகிறது. பிள்ளைகளின் பரீட்சை முடிந்த மறுநாளே, இவ்வருஷம் எங்கே போவது என்ற கேள்வி பிறக்கிறது. உதகையும் கொடைக்கானலும் பார்த்து அலுத்தவர்கள் இப்பொழுது கடலையும் தீவையும் நாடுகிறார்கள். படகேறிச் செல்லவேண்டும், தூண்டில் போடவேண்டும், பிடித்த மீனைக் கரையிலேயே சமைத்து உண்ணவேண்டும் என்பது அவர்கள் ஆசை. இந்த ஆசையில் பிழை ஒன்றும் இல்லை. மாலத்தீவுக்கும் அந்தமானுக்கும் பறந்து செல்லப் பொருள் வசதி இல்லாதவர்களுக்கு, ஓரிரவு ரெயில் பிரயாணத்தில் சென்று சேரக்கூடிய தீவு ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுவே இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவு.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரெயில் நின்றுபோயிற்று. 2025 ஏப்ரல் 6இல் செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது முதல் ரெயில் மீண்டும் தீவுக்குள் செல்கிறது. 1988 முதல் சாலைப் பாலமும் இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை நீட்டப்பட்டது. வழி சுலபமாகிவிட்டதால் கூட்டம் பெருகும் என்பதில் ஐயமில்லை. பெருகும் கூட்டத்தால் அத்தீவின் மக்களுக்கு நன்மை விளையுமா, தீமை விளையுமா என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

இராமேசுவரத்துக்கு அயலார் வருவது புதிதல்ல. பல நூற்றாண்டுகளாகக் காசியிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் யாத்திரிகர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் யாத்திரிகனுக்கு ஒரு நியமம் உண்டு. எங்கே முதலில் நீராடுவது, கோயிலினுள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தங்களில் எந்த வரிசையில் ஆடுவது, எப்பொழுது உண்பது என்பதெல்லாம் அவனுக்கு விதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நியமம் அவனைத் தீவின் விருந்தாளியாக்கியது. உல்லாசத்துக்கென்று வருகிறவனுக்கோ எந்த நியமமும் இல்லை. பணம் கொடுத்தோம், ஆகவே எதையும் கேட்கலாம் என்று அவன் எண்ணிவிடுகிறான். தீர்த்த யாத்திரைக்கு நியமம் இருப்பதுபோல் உல்லாச யாத்திரைக்கும் நியமம் வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அந்த நியமத்தை வகுக்க வேண்டியது ஹோட்டல் முதலாளி அல்ல. அந்தக் கடலில் ஜீவனம் செய்கிறவனுடைய நாட்காட்டியே அதை வகுக்கவேண்டும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் பருவம் அது. விதைநெல்லைக் குற்றி உண்ணும் குடியானவன் மறு போகத்துக்கு ஏங்கி நிற்பான். அதுபோல் சினைமீனை வாரிவிட்டால் மறு ஆண்டு வலை வெறுமையாக வரும். ஆகவே தடை நியாயமானதே. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் விசைப்படகில் கூலிக்குச் செல்லும் மீனவனுக்கு வருமானம் இல்லை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு குடும்பம் இரண்டு மாதம் உண்பதற்கு 8,000 ரூபாய் எம்மட்டில் போதும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் மீனவனின் இந்த வறட்சிக் காலமும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வருகின்றன. கே.கே. நகர்க் குடும்பம் இந்தத் தடையை அறிவது மீன்கடையில் வஞ்சிரத்தின் விலை ஏறுவதைக் கொண்டுதான். தீவுக்கு விடுமுறைக்குச் செல்லும்போதாவது அதன் மறுபுறத்தை அது அறியவேண்டாமா?

அக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையில்லை. மற்ற மாதங்களிலும் பாக் நீரிணைப்பில் ஓர் ஏற்பாடு இருந்து வருகிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்பது அது. பெருவலையும் சிறுவலையும் ஒரே நாளில் மோதிக்கொள்ளாதிருக்கச் சச்சரவுகளுக்குப் பின் உண்டான ஏற்பாடு. கடலிலும் இரு பக்கம் உண்டு. வடக்கே பாக் நீரிணைப்பைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் சொல்வார்கள். வாடை வீசும்போது பெண்கடலும் சீறும். கச்சான் பெருகும்போது ஆண்கடலில் படகிறக்க முடியாது. மாசி, பங்குனியில் இரண்டும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆகவே எந்த மாதம் போகலாம், எந்த நாளில் யாருடைய படகில் ஏறலாம் என்பதைக் கைப்பேசியில் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, ஓலைக்குடாவிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு முதிய மீனவரைக் கேட்டுத் தீர்மானிப்பதே அறிவுடைமை.

அடுத்தது இடம். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 சிறு தீவுகள் உள்ளன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அப்பவளப் பாறைகளே மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டிக் குவித்த காலத்தின் பலனாக இரண்டு தீவுகள் கடலுள் மூழ்கிவிட்டன. பூங்காவைக் காப்பதற்கென்று, தலைமுறை தலைமுறையாக அங்கே முங்கிப் பாசி எடுத்து வந்த பெண்களுக்குக்கூடக் கட்டுப்பாடு விதித்திருக்கிறோம். ஜீவனத்துக்காகச் சென்ற பெண்ணைத் தடுத்த சட்டம், பொழுதுபோக்குக்காக வருகிற கனவானுக்கு வழிவிட்டு நிற்குமாயின் அது சட்டமாகுமா? வனத்துறை தானே அழைத்துச் சென்று காட்டும் இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு பயணிகள் நிறைவு பெறவேண்டும். பூங்கா எல்லைக்குள் தூண்டிலை எடுக்கவே கூடாது. நினைவுப் பொருள் என்று பவளத் துண்டை வாங்கிப் பையில் வைப்பதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்கும், ஆவுளியா என்று அக்கரையோர் அழைக்கும் கடற்பசுவுக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு. பாக் நீரிணைப்பில் கடற்பசுவுக்கென்றே 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது படகும் உயிரும். 2011 கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களில் 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பது ஒரு தவறு. விபத்து நேர்ந்தபின் அடியோடு தடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது மற்றொரு தவறு. தடுத்தால் சவாரி நின்றுவிடாது. அது மறைவாக நடக்கும். மறைவாக நடக்கும் சவாரியில் மிதவைச் சட்டை ஏது? இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற கணக்கு ஏது? இன்ஷ்யூரன்ஸ் ஏது?

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய நீர்ப்பரப்பைப் பாரம்பரிய மீனவருக்கென்று ஒதுக்கியிருக்கிறது. பூங்காவும் காப்பகமும் நீங்கலாக, அந்த நீர்ப்பரப்புக்குள், நாட்டுப்படகு மீனவர் தம் படகில் விருந்தினரை ஏற்றிச் சென்று தூண்டில் மீன் பிடிக்க உதவுவதற்குத் தெளிவான உரிமம் கொடுக்கவேண்டும் என்பது நமது யோசனை. ஒரு படகில் இத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை, வானிலை எச்சரிக்கை வந்தால் பயணமில்லை, பிடிக்கும் மீனுக்கு அளவு உண்டு, சினைமீனையும் குஞ்சையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பன நிபந்தனைகளாக இருக்கட்டும். உரிமம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினருக்கே உரியதாக இருக்கவேண்டும். வெளியூர் முதலாளி பத்துப் படகு வாங்கி, மீனவனைத் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளும் வழியை ஆரம்பத்திலேயே அடைக்கவேண்டும்.

நான்காவதும் முக்கியமானதும் காசு. பயணி செலவழிக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது? மாலத்தீவின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்குப் படிப்பினையாகும். 1972இல் அங்கே சுற்றுலா தொடங்கிற்று. பின்னர் ஆளில்லாத் தீவுக்கு ஒரு ஹோட்டல் என்ற முறை வேரூன்றியது. பயணிகள் ஒரு தீவில், குடிமக்கள் வேறொரு தீவில். பல்லாண்டுகள் மாலத்தீவின் சாதாரணக் குடும்பம் தன் வீட்டில் ஒரு விருந்தினரை வைத்துச் சம்பாதிக்க வழியில்லாமல் இருந்தது. 2009க்குப் பிறகே மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு இடம் அளிக்கப்பட்டது. மாஃபுஷி போன்ற தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் தலையெடுத்தது அதன் பின்னர்தான். அவர்கள் முப்பத்தேழு ஆண்டுகள் சுற்றிக் கண்டறிந்த பாதையை நாமும் சுற்றித்தான் கண்டறிய வேண்டுமா? நம் இராமநாதபுரம் ஜில்லாவிலேயே காரங்காடு என்ற கடற்கரைக் கிராமம் இருக்கிறது. அலையாத்திக் காட்டினூடே வனத்துறையின் ஏற்பாட்டில் கிராமத்தாரே படகில் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். வந்தவர்களுக்கு அவ்வூர்ப் பெண்கள் கடல் உணவு சமைத்துப் பரிமாறுகிறார்கள். காசு ஊரிலேயே தங்குகிறது. அலையாத்திக் காட்டினால் வருமானம் உண்டு என்று கண்டபின் அக்காட்டை வெட்ட யாருக்கு மனம் வரும்? காரங்காட்டில் நடப்பது பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஏன் நடக்கக்கூடாது?

இதற்கு ஆக்ஷேபம் சொல்வோர் இருக்கிறார்கள். மீனவருக்கு விருந்தோம்பும் தொழில் தெரியாது, பெரிய ஹோட்டல்கள் வந்தால்தான் வேலை பெருகும் என்பார்கள். பெரிய ஹோட்டல் வேலை கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் எத்தகைய வேலை? சொந்தப் படகுக்குத் தலைவனாக இருந்தவனை வாயிற்காவலனாக்கும் வேலையை முன்னேற்றம் என்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, விளைமீன் எங்கே கிடக்கும், பாறை எப்பொழுது மேயும் என்று சொல்லக்கூடியவனுக்குத் தொழில் தெரியாது என்று சொல்வது, சங்கீத வித்துவானுக்குப் பாட்டுத் தெரியாது என்று சொல்வதைப் போன்றது. அவனுக்கு இல்லாதவை கடனும் உரிமமும் சிறிது பயிற்சியுமே. அவற்றைக் கொடுப்பது சர்க்காரின் வேலை.

மீனவர்கள் சுற்றுலாவை நம்பி வலையை விட்டுவிடுவார்கள் என்று அஞ்சுவோரும் உண்டு. வலை நிலைக்க வேண்டுமானால் அதற்குப் பக்கத்துணை ஒன்று அவசியமாகிவிட்டது என்பதே உண்மை நிலை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் இடையில் கோடு கிழிக்கப்பட்டது முதல் நம் மீனவர் சிறைப்படுவதும் படகை இழப்பதும் தீராத துயரமாக இருக்கின்றன. அக்கரையில் இருப்போரும் தமிழ் மீனவர்களே. இழுவை மடியால் தங்கள் கடல் அழிகிறது என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாக் நீரிணைப்பிலிருந்து 2,000 விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்ற 2017இல் திட்டமிட்டார்கள். நினைத்த அளவு நடக்கவில்லை. கரையருகே கௌரவமான மற்றொரு வருமானம் கிடைத்தால், எல்லைக் கோட்டைத் தாண்டவேண்டிய நெருக்கடி சில குடும்பங்களுக்காவது குறையும்.

நிறைவாகத் தனுஷ்கோடியைப் பற்றி ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22 இரவில் எழுந்த புயலும் கடலும் அவ்வூரை விழுங்கின. ரெயிலொன்று பயணிகளோடு மூழ்கிற்று. வசிக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்த பின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்து, கரைவலை இழுத்து வாழ்கின்றன. பயணிகள் இடிந்த மாதாகோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் குடிசையில் உயிரோடு இருப்பவர்களைப் பார்ப்பவர் எத்தனை பேர்? அவர்கள் கையால் ஒரு தட்டு மீன்சோறு வாங்கி உண்டு, கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவருவது பெரிய தியாகமல்ல.

கே.கே. நகரிலும் அசோக் நகரிலும் மாம்பலத்திலும் இருந்து பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்யும் குடும்பங்களை நாம் தடுக்கவில்லை. அவசியம் செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள் என்றே சொல்லுகிறோம். தட்டில் விழும் மீன் எவ்விதம் வருகிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட ஒரு நாட்டுப்படகு நன்றாகக் கற்பிக்கும். ஆனால் செல்லுமுன் நாளைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள், படகு யாருடையது என்று கேளுங்கள். சர்க்காரும் அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் உரிம விதிகளைச் செய்து முடிக்கட்டும். பாலம் கட்டியாயிற்று. அதன் வழியே செல்லும் செல்வம் மீனவன் வீட்டு வாசல்வரை போய்ச் சேரும்படி செய்வதே இனி நம் கடமை.