கனக்கும் விசையே காவல்

2024 அக்டோபர் 1 அன்று அதிகாலையில், மும்பை ஜுஹூவில் உள்ள தம் வீட்டில், தமது உரிமம் பெற்ற ரிவால்வரின் தோட்டாவாலேயே காலில் காயமுற்றார் இந்தி நடிகர் கோவிந்தா. துப்பாக்கி கைநழுவியதாக அவர் தரப்பு கூறியது. வீட்டில் உள்ள துப்பாக்கி கள்வனுக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் ஆபத்து என்பதை நாடு ஒருநாள் பேசிவிட்டு மறந்தது.

மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. ரிவால்வரின் விசை கனமாக இருக்கிறது, அதை இலகுவாக்க வேண்டும் என்பது துப்பாக்கி வைத்திருப்போரின் நெடுநாள் குறை. ஒரே இழுப்பில் தோட்டா உருளையைச் சுழற்றி, சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்க வேண்டியிருப்பதால், பொதுவாக நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை விசை தேவைப்படுகிறது. பெரும்பாலான ரிவால்வர்களில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. அந்தக் கனமே பூட்டு. ஐந்து வயதுக் குழந்தை இயக்க முடியாதபடி தடுக்கும் வழிகளுள் ஒன்றாக, பத்து பவுண்டு, அதாவது ஏறத்தாழ நாலரை கிலோ இழுவையை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில விதி குறிப்பிடுவது இதனால்தான்.

குறை சொல்வோரிடமும் நியாயம் இருக்கிறது. பெண்களுக்கென 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். இத்தனை இலேசான கருவியைப் பன்மடங்கு விசையோடு இழுத்தால் குழல் அசையும், குறி பிசகும். 2012இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தருகே காவலர் சுட்டதில் வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தபோது, காவல்துறைக் கைத்துப்பாக்கிகளின் பன்னிரண்டு பவுண்டு விசையும் விவாதத்துக்கு உள்ளாயிற்று.

ஆயினும் தீர்வு சுருள்வில்லைத் தளர்த்துவதில் இல்லை. தளர்ந்த வில் சுத்தியலின் அடியை வலுவிழக்கச் செய்யும். தேவைப்படும் நொடியில் தோட்டா வெடிக்காமலே போகலாம். பதற்றத்தில் நடுங்கும் விரலுக்கோ, இலகுவான விசை எண்ணத்தை முந்திக்கொண்டு பணிந்துவிடும். ஆயுதத்தை மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனி உரிமம் கோருவது வெறும் சம்பிரதாயம் அன்று.

திருத்த வேண்டியது விரலை, வில்லை அன்று. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அது சான்றிதழ்த் தாளோடு நின்றுவிடாமல், உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் செய்துகாட்ட வேண்டிய தேர்வாக வேண்டும். தோட்டாவைத் தனியே வைத்துப் பூட்டும் பழக்கமும் அதில் அடங்கவேண்டும்.

மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். தாராவியிலோ பத்துக்குப் பத்து அறைக்குள்ளேயே சமையலும் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும். தவறிப் பாயும் தோட்டாவுக்கு ஆளில்லாத திசை என்று ஒன்று இந்நகரில் கிடையாது. இங்கே விசை கனமாக இருப்பது குறையன்று. சுடுபவருக்குக் கிடைக்கும் கடைசி யோசனை நேரம்.