சாட்சி சொல்ல வரவில்லை, வாசிக்க வந்திருக்கிறோம்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். அங்கே லைன் வீட்டில் வளர்ந்த தலித் மாணவி ஒருத்தி தினமும் பேருந்தில் சேலம் போய் கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு அப்பாவின் செல்போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி வருவாள். இணையம் வழியாக நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அவளும் ஒருத்தி. இலங்கை மலையகம், மலேசியா, லண்டன் என்று மற்ற மாணவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்டது பி.எச். டேனியலின் 'ரெட் டீ'. 1969இல் ஆங்கிலத்தில் வந்து, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆன நாவல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் எழுதியது. பஞ்சம் பிழைக்கப் போன கருப்பனும் வள்ளியும் கடனிலும் காய்ச்சலிலும் சிக்கிக்கொள்ளும் கதை.

முதல் இரண்டு வாரமும் ஒரே மாதிரி நடந்தது. நாவலின் வடிவம் பற்றி லண்டன் மாணவர்கள் பேசுவார்கள். பிறகு ஏற்காட்டு மாணவியிடம், "உங்க வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொல்லுங்க" என்பார்கள். அவளும் சொல்வாள். எல்லோரும் உருகிப்போவார்கள். மூன்றாவது வாரம் அவள் கேட்டாள்: "அண்ணா, எங்க வீட்டப் பத்தி போன வாரமே சொல்லிட்டனுங்க. இன்னைக்கு நாவலப் பத்திப் பேசலாங்களா?"

அன்று அவள் பேசியது மேஸ்திரி முன்பணம் கொடுக்கும் இடத்தைப் பற்றி. அடிக்கும் காட்சிகளைவிட, ஆசை காட்டி அன்பாகப் பேசும் அந்தக் காட்சிதான் தன்னைப் பயமுறுத்தியது என்றாள். உடனே மலையக மாணவன், "எங்களுக்கு அவர் கங்காணி" என்றான். மலேசிய மாணவியும் தன் கொள்ளுத்தாத்தாவை ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது ஒரு கங்காணிதான் என்றாள். ஆளின் பெயர் மாறினாலும் முன்பணம் மாறவில்லை. அன்றைக்குத்தான் வட்டத்தில் உண்மையான இலக்கிய விவாதம் நடந்தது.

தோழர்களே, அவள் கேள்வி எங்களுக்கும் சேர்த்துத்தான். அறிமுகத்தின்போது மற்றவர்களை 'மாணவர்' என்ற நாங்கள், அவளை மட்டும் 'பாதிக்கப்பட்ட சமூகத்து மாணவி' என்றோம். ஒடுக்கப்பட்டவர் கையில் அனுபவம், மற்றவர் கையில் ஆய்வு என்ற பழைய சாதிப் பங்கீட்டை இணையத்திலும் நாங்களே விரித்து வைத்திருந்தோம்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. 1907இல் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை போனது. கூலிகளாகக் கடல் கடந்த மக்களிடையே அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். வரலாறு, சமயம், இலக்கியம் எல்லாவற்றையும் அந்த இதழில் விவாதித்தார்கள். தபாலில் நடந்ததை நாம் செல்போனில் தொடர்கிறோம், அவ்வளவுதான்.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஏற்காட்டுப் பிள்ளை மலையக எழுத்தைத் தேடிப் படிக்கக் காசு தேவையில்லை. ஒரு செல்போனும், அதில் நெட் பேக்கும், கொஞ்சம் சிக்னலும் வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் கதவு மூடிக்கொள்கிறது. பாமாவின் 'கருக்கு' ஆங்கிலத்துக்குப் போய் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாவதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அது நம் லைன் வீட்டுக்கு வந்துசேராவிட்டால் அந்தப் பெருமை பாதிதான்.

இப்போது எங்கள் வட்டத்தில் சில முறைகளை மாற்றியிருக்கிறோம். பேச்சு தமிழில் மட்டும். வீடியோ கட்டாயம் இல்லை. சிக்னல் போனவர் குரல் பதிவு அனுப்பினால், அதைக் கேட்ட பிறகே அடுத்தவர் பேச வேண்டும். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அவளும் அம்மாவோடு வேலைக்குப் போவதால், அவளுக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் கூட்டம். நமக்கு ஏழு மணி என்றால் மலேசியாவில் ஒன்பதரை. அந்த மாணவி கண்விழிக்கச் சம்மதித்தாள். நெட் பேக் செலவைப் பொதுவில் போடுகிறோம். முக்கியமான விதி ஒன்று: யாருடைய வீட்டுக் கதையையும் யாரும் கேட்கக் கூடாது. சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

கல்லூரியில் வாசிப்பு வட்டம் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். யார் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுக்கும்போது, யார் கேள்வி கேட்டார்கள், யார் பதில் மட்டும் சொன்னார்கள் என்றும் பாருங்கள். உங்கள் வட்டத்தில் சமத்துவம் இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எங்கள் அடுத்த நூலை அவள்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. முதல் கேள்வியும் அவளுடையதுதான்.