தம்பி கண்ட குறை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



திண்டிவனத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஏழு ஆண்டுகள் வயலின் கற்றவர். பெண் பார்க்க வந்தவர்கள் முன் ஒரு கீர்த்தனை வாசித்தார், எல்லோரும் மெச்சினார்கள். திருமணம் முடிந்ததும் வயலின் பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. “கற்றதற்குப் பயன் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?” என்றார் பெரியம்மா. அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு பாட்டு வகுப்பில் எங்கள் சிஸ்டர், ஃபேனி மெண்டல்சன் என்னும் ஜெர்மானியப் பெண்மணி 1834-இல் இயற்றிய நால்வர் இசையைக் கேட்கச் செய்தார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, இவ்வளவுதான் கருவிகள். நமக்கு இது முற்றிலும் அந்நியமன்று. சென்னையில் வி. எஸ். நரசிம்மன் 1993-இல் தொடங்கிய மதராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் குழுவினர் நம் கர்நாடகக் கீர்த்தனைகளையே இம்முறையில் வாசித்திருக்கின்றனர்.

ஃபேனி, புகழ்பெற்ற ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் தமக்கை. 1820-இல் தந்தை அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இசை உன் தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அணிகலனாக மட்டுமே இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அப்போது ஃபேனிக்கு வயது பதினான்கு. (பெர்லினிலும் ஒரு பெரியம்மா இருந்திருக்கிறார் போலும்!)

இத்தகைய இசையில் முதற்பகுதி பெரும்பாலும் விறுவிறுப்பாக இருக்கும். ஃபேனியோ மெல்ல, சிந்தனையில் ஆழ்ந்தவர் பேசத் தொடங்குவதுபோல் தொடங்குகிறார். சுருதி ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தேடித் தேடிச் செல்கிறது. மூன்றாம் பகுதியில் அந்தத் தேடல் விம்மலாகவே மாறிவிடுகிறது. நான்காம் பகுதி துள்ளி ஓடுகிறது. வகுப்பில் நாங்கள் நாற்பது பேரும் அசையவில்லை.

தம்பி 1835-இல் கண்ட குறையும் அதுவே: சுருதி நிலைகொள்ளவில்லை, அமைப்பு கட்டுக்கோப்பாக இல்லை என்றார். ஃபேனி பிறகு இன்னொரு நால்வர் இசை எழுதவேயில்லை. இதுவும் அச்சேறியது 1988-இல்தான்!

ஃபெலிக்ஸ் பொல்லாதவர் அல்லர். தமக்கையை உயிராக நேசித்தவர். ஆயினும் அவர் கூறியதை நான் ஏற்கமாட்டேன். மனம் அலையும்போது சுருதியும் அலைவது குறையா? தமக்கை 1847 மே மாதம் திடீரென இறந்தபின், தம்பி துயரம் தாங்காமல் தாமும் ஒரு நால்வர் இசை எழுதினார். அதையும் சிஸ்டர் கேட்கச் செய்தார். நடுங்கும் வில்லும் வெடிக்கும் கோபமுமாக இருக்கும் அதில், அளந்து பேசும் ஃபெலிக்ஸைக் காணவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அவரும் மறைந்தார். அக்காளின் இசையை அப்போது மறுபடி கேட்டிருந்தால் அதே குறையைச் சொல்லியிருப்பாரா?

பொங்கல் விடுமுறையில் திண்டிவனம் சென்று அக்காவிடம் இக்கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. “விழுப்புரத்தில் வாங்கி வரட்டுமா அக்கா?” என்றேன்.

“நான்கும் வாங்கி வா. பழைய தந்தி நிற்காது” என்றார்.