சுங்கக் கோட்டையும் சாலையோரப் பெட்டியும்

டென்மார்க் தேசத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி அடித்துவிட்டால் காரியாலயங்களில் ஈ காக்கை இராது. வாரத்துக்கு 37 மணி நேரம் உழைத்தால் போதும் என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டாவது மணியையும் நாற்காலியில் கழிக்கிறவரை இங்கே ஒருவரும் மெச்சுவதில்லை. ‘பாவம், வேலையை நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவர்!’ என்றுதான் நினைக்கிறார்கள். ஆகவே, கோபன்ஹேகனில் பிழைக்க வந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் என்ன செய்வது என்பதே பெரிய விசாரமாகி விடுகிறது.

ஜூன் மாதத்தில் இந்த விசாரம் சற்றுக் குறைவு. இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை காலையில் கட்டுச்சாதத்துடன் வடக்கே போகும் ரயிலில் குடும்ப சமேதராக ஏறினோம். முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர் வந்துவிட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் எல்சினோர் என்று அறிந்திருக்கும் ஊர் இதுதான். ஹாம்லெட் இளவரசன் தன் தகப்பனாரின் ஆவியைக் கண்டதாக ஷேக்ஸ்பியர் எழுதியது இவ்வூர்க் கோட்டையை வைத்துத்தான். அந்த மகாகவி இவ்வூரைக் கண்ணால் கண்டதற்கு அத்தாட்சி ஒன்றும் இல்லை. அதனால் என்ன? வருகிறவர்களில் பாதிப் பேர் ஆவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

நமக்கென்னவோ ஆவியைவிடக் கோட்டையின் வரும்படிக் கணக்குதான் சுவையாக இருந்தது. குரோன்போர்க் என்னும் இந்தக் கோட்டைக்கு எதிரே கடல் ஒடுங்கி, சுமார் நாலு கிலோமீட்டர் அகலமுள்ள கால்வாய்போல் ஆகிவிடுகிறது. அக்கரையில் தெரிவது ஸ்வீடன். 1658 வரையில் அந்தக் கரையும் டேனியருக்கே சொந்தமாக இருந்தது. பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை இந்த இடுக்கு வழியாகவே போகவேண்டும். இரண்டு கரையும் ஒருவன் கையில், நடுவில் உலகத்து வியாபாரமெல்லாம், கேட்கவேண்டுமா? பதினைந்தாம் நூற்றாண்டில் ஆரம்பித்து 1857 வரையில், நானூறு வருஷத்துக்கு மேலாக, கப்பல்களை நிறுத்தி வைத்துச் சுங்கம் வசூலித்தார்கள். நிற்காத கப்பலுடன் பீரங்கி பேசும். வசூலான பணம் அரசனுடைய சொந்தப் பெட்டிக்குப் போயிற்று. இப்போது நாம் பார்க்கும் அரண்மனையை 1574 முதல் 1585 வரையில் இரண்டாம் பிரெடெரிக் அரசன் கட்டிக்கொண்டது இந்த வரும்படியின் பலத்திலேதான்.

இதே அரசன் செய்த தந்திரம் ஒன்று உண்டு. சரக்கின் மதிப்புக்கு ஏற்றபடி சுங்கம் என்று ஏற்பட்டதும், மாலுமிகள் மதிப்பைக் குறைத்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள் அல்லவா? ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பதற்கு ஆள் ஏது? அரசன் ஒரே ஒரு ஷரத்துப் போட்டான். ‘உன் சரக்குக்கு நீயே விலை சொல்லலாம், ஆனால் நீ சொன்ன விலைக்கே அதை வாங்கிக்கொள்ள எனக்குப் பாத்தியதை உண்டு’ என்றான். அவ்வளவுதான்! பத்தாயிரம் பெறுமான துணியை ஆயிரம் என்று சொன்னவன் ஆயிரத்தை வாங்கிக்கொண்டு துணியைப் பறிகொடுக்க வேண்டியதாயிற்று. பீரங்கியைக் காட்டிலும் இந்த ஷரத்து அதிக உண்மையை வரவழைத்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம். வருமான வரி விஷயத்தில் நம் நாட்டு மந்திரிகள் யாரும் இதைப் படித்துவிடக் கூடாதே என்று நம் வீட்டில் ஒருவர் கவலைப்பட்டார்.

கோட்டை மதிலின் மேல் நின்றபோது தமிழர்களாகிய நமக்கு மட்டும் இன்னொரு நினைவும் வந்தது. 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய டேனியக் கப்பல்கள் இந்த மதிலைத் தாண்டித்தான் வெளிக் கடலுக்குப் போயிருக்கின்றன. ஓவே யெட்டெ என்ற இளம் பிரபு அவற்றுக்குத் தலைவர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் கோட்டை கட்டிய ஊர் தரங்கம்பாடி. அந்த ஊரை 1845-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். விலை பேசும்போது அங்கே குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தான் சொன்ன விலைக்குத் தன் சரக்கே போய்விடும் என்ற ஷரத்து அங்கே இல்லை; சரக்கு தன்னுடையதாக இருந்தால் அல்லவா?

கோட்டையின் அடியில் இருண்ட நிலவறை ஒன்று இருக்கிறது. அங்கே ஹோல்கர் டான்ஸ்கே என்ற பழைய வீரனின் பிரம்மாண்டமான சிலை, கைகளைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. தேசத்துக்கு ஆபத்து வந்தால் விழித்தெழுவானாம். 1940-இல் ஜெர்மானியர் வந்தார்கள், சிலை எழுந்திருக்கவில்லை. ஆனால் அவன் பெயரை வைத்துக்கொண்டு ஒரு ரகசியக் கூட்டம் எழுந்தது. 1943 அக்டோபரில், யூதர்களைப் பிடித்துப் போகப் போகிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்தபோது, ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மீன்படகுகளிலும் தோணிகளிலும் இந்தக் கடலைக் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஹெல்சிங்கோரில் இந்த வேலையைச் செய்த குழுவுக்குத் ‘தையற் சங்கம்’ என்று பெயர். அதில் ஒரு புத்தக பைண்டர், ஒரு போலீஸ்காரர், ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார்கள். ஊசி பிடித்துப் பழக்கமானவர் பைண்டர் ஒருவர்தான் போலும்! படகுக்காரர்கள் எல்லோரும் தர்மத்துக்கே ஓட்டினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பலர் பெரும் கூலி வாங்கினார்கள். இல்லாதவர்களுக்காக இருப்பவர்கள் கொடுத்தார்கள். படகு பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அந்தக் கூலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்தோம். கடைத்தெருவில் ஒரு காப்பி ஹோட்டலின் வாசலில் மூன்று குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. எட்டிப் பார்த்தால் மூன்றிலும் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குகின்றன! தாய்மார்கள் உள்ளே காப்பி சாப்பிடுகிறார்கள். குளிர்காலத்திலும் இப்படித்தான். குளிர்ந்த காற்றில் தூங்கினால்தான் குழந்தைக்கு நல்லது என்பது இவர்களுடைய கட்சி. 1997-இல் ஒரு டேனியத் தாய் நியூயார்க்கில் இதே மாதிரி குழந்தையை வாசலில் விட்டுச் சாப்பிடப் போய், போலீஸாரால் கைது செய்யப்பட்டாள். நம் துணைவியார் அந்த வாசலை விட்டு நகருவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. தாய்மார்கள் வரும்வரை தாமே காவல் நிற்பதாகத் தீர்மானித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை கொத்தளம் வேண்டாம் என்று சைக்கிளில் கிளம்பினோம். நகரம் முடிந்து வயல் ஆரம்பிக்கும் இடத்தில், சாலையோரத்தில் ஒரு சிறு மரப்பெட்டகம். உள்ளே புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரிப் பழம், முட்டை, இரண்டு சீசா தேன். விலை எழுதிய பலகை. பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி. ஆள் மட்டும் இல்லை. குடியானவருடைய வீடோ வெகு தூரத்தில் மரங்களுக்குப் பின்னால் தெரிகிறது. இப்போது பெரும்பாலோர் பெட்டியில் காசு போடுவதில்லை. பலகையில் இருக்கும் எண்ணுக்குக் கைப்பேசி மூலமாகப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டில் எந்த வழியானாலும் பார்ப்பவர் எவருமில்லை. நானூறு வருஷம் பீரங்கி வைத்துச் சுங்கம் பிடித்தவர்களின் சந்ததியார்தான் இவர்கள் என்று நமக்குச் சிரிப்பு வந்தது.

இருந்தாலும் இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கை உடனே நம்பி ஒப்படைக்கிற தேசம், மனிதரை ஏற்றுக்கொள்ள மெதுவாகத்தான் யோசிக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் அநுமதிக்கு அந்நியர் சாதாரணமாக எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்கு நாலு வருஷம். பாஷைப் பரீட்சை வேறு. அந்தப் பாஷையோ, எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டு உச்சரிக்கப்படுவது. பக்கத்து வீட்டாருடன் பழகுவதும் ஏறக்குறைய இதே கதிதான். ‘இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று...’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குள் நுழைவது இங்கே வழக்கமில்லை. மாடிப்படியில் ஒரு புன்னகை, ‘ஹை’ என்று ஒரு சொல், அத்துடன் சரி. நம் மாடிக்கு எதிரே குடியிருக்கும் மூதாட்டியாருடன் இரண்டு வருஷத்தில் நாம் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அன்று பழம் அதிகமாக வாங்கிவிட்டோம். வீடு திரும்பியதும் நம் துணைவியார் பாதியை ஒரு கிண்ணத்தில் எடுத்து அந்த அம்மையாரின் வாசலில் வைத்தார். கதவைத் தட்டலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு சிறு வாதம் நடந்தது. குழந்தைகளையே வாசலில் விடுகிற ஊரில் பழத்தை விடுவதற்கென்ன என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலையில் நாம் வேலைக்குக் கிளம்பும்போது கிண்ணம் நம் வாசலில் இருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் பாட்டிமார்கள் போட்ட சட்டம். இந்த டேனியப் பாட்டிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. கழுவித் துடைத்த கிண்ணத்துக்குள் சிறிய புட்டி ஒன்று நின்றது. ஜூன் மாதத்தில் இங்கே வேலியெல்லாம் வெள்ளையாகப் பூக்கும் எல்டர் மலரைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வீட்டிலேயே செய்த பானகம். தண்ணீர் விட்டுக் கலந்து குடிக்கவேண்டும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று, நமக்குப் புரியும்படி, படம் போட்டு எழுதி ஒட்டியிருந்தது.